மூடிமேல் வைத்த சந்தனம்

மயிலாப்பூர்
3-11-72

என் மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் தங்கை வீட்டில் இருக்கிறேன். என்னைக் கூப்பிட வராதே.

உன் பழைய குட்டி விமானத்தின் என்ஜின் நடுவானில் நின்றுபோய், நீ மீனம்பாக்கத்தில் தப்பிப் பிழைத்து இறங்கினாயே, அது மெக்கானிக் கோதண்டபாணியின் கவனக்குறைவு என்று வீட்டில் சொன்னாய். அவன் வேலையையும் பறித்தாய். பெற்றவள் சும்மா இருப்பேனா? சைதாப்பேட்டைக்குப் போய், தெருவே கேட்க அவனை ஏசினேன். அவன் தலை குனிந்து நின்றான். அவன் பெண்டாட்டிதான் பொறுக்காமல் வெளியே வந்தாள்.

"இன்னா ஆயா, கத்திக்கினே கீறே? ரெக்க மேல கீற பெட்ரோல் டேங்க் மூடியில காத்து உள்ள போறதுக்கு ஊசி ஓட்டை ஒண்ணு கீது. ஆயுத பூசைக்கு யாரோ அதுமேல சந்தனத்த அப்பிட்டாங்க. காத்து போவலேன்னா பெட்ரோல் எப்பிடி எறங்கும்? இவருதான் கண்டுபுடிச்சி குத்தி எடுத்தாரு. உம் புள்ளைக்கும் தெரியும்."

பூசையன்று ஸ்டூல் போட்டு ஏறிச் சந்தனம் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

என் மானத்தைக் காப்பாற்றினாயாக்கும்! உன் அப்பா போன பிறகு கடையைத் தனியாகக் கட்டி ஆண்டவளுக்கு, அடுத்தவன் தலையில் பழி போட்டா மானம் வாங்கித் தருவாய்?

நாளைக் காலையில் நீயே போய் அவனை அழைத்து வா. அவன் விமானத்தில் கை வைத்த பிறகுதான் நான் உன் வீட்டில் கால் வைப்பேன். அடுத்த பூசைக்குச் சந்தனத்தை எங்கே வைக்கலாம் என்று அவன் காட்டட்டும். அங்கே மட்டும் வைக்கிறேன்.

உன் அம்மா