எங்களுக்குச் சர்க்கரை

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அங்கே நீயும் உன் சர்க்கரையும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்வதாக உன் அப்பா இறங்கியதில் இப்போது சமையலறையிலும் தண்ணீர் வருவதில்லை. அதை விடு, நான் ஒரு கூத்து பண்ணிவிட்டேன், திட்டாமல் படி. யானைப் படம் ஒட்டிய அறையில் நீ முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குழந்தைகள் டாக்டரே, "இனிமே பெரியவங்க பிரிவுக்குப் போம்மா, என் நாற்காலி தாங்காது" என்று கடிதம் கொடுத்து ஐந்து மாதமாகிறது. அந்தக் கடிதம் உன் பைக்குள் குடித்தனம் நடத்துகிறது, கேட்டால் "போறேம்மா" என்கிறாய். அவர் எழுதித் தந்த இன்சுலின் சீட்டோ இந்த மாதக் கடைசியோடு சரி. பொறுக்காமல் நீ படிக்கப் போயிருக்கும் ஊர் ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டு, "எங்களுக்கு ஆறு வயசிலேர்ந்து சர்க்கரைங்க, தினம் நாலு ஊசி போட்டுக்கறோம்" என்றேன். பதிமூன்று வருஷப் பழக்கம், வாயில் அப்படித்தான் வருகிறது. நர்ஸ் வயது கேட்டார், என்னைத்தான் கேட்கிறார் என்று நாற்பத்தாறு என்றேன். மளமளவென்று எழுதிக்கொண்டே போனவர், கடைசியாக மாதவிடாய் எப்போது என்றதும், "அவகிட்டத்தான் கேக்கணும்" என்றேன். "உங்களுக்கு வர்றதை யார்கிட்டம்மா போய்க் கேப்பீங்க?" என்றார் பாவம். பக்கத்தில் உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சரி, உங்க பொண்ணுக்கு இந்த மாசம் எத்தனை தடவை சர்க்கரை இறங்குச்சு? இறங்கறது அவங்களுக்கே முன்னாடி தெரியுதா?" என்று கேட்டார். நீ இங்கே இருந்தபோது கேட்டிருந்தால் தேதி, மணியோடு ஒப்பித்திருப்பேன். "தெரியலைங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் நான் சொல்லாத வார்த்தை. "அப்ப தெரிஞ்சவங்களையே பேசச் சொல்லுங்கம்மா, இருபத்தேழாம் தேதி பத்து மணிக்கு இடம் வெச்சிருக்கேன், ரெண்டு நாள் முன்னாடி அவங்களே உறுதி பண்ணணும்" என்று போனை வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது, யோசித்தால் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. உன் உடம்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், போனை எடுக்கத்தான் அவளுக்குச் சோம்பல். பயம் என்றால் பயமாயிருக்கிறது என்றே அவர்களிடம் சொல், புதிய டாக்டர் உன்னைக் கடித்துவிட மாட்டார். நான் இனிமேல் போன் போட மாட்டேன், சத்தியம்.

நீண்ட ஆயுளோடும் உன் நீண்ட வாயோடும் நன்றாக இரு. இருபத்தைந்துக்குள் பேசு. உள்ளே போய் என்ன பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
அம்மா