கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார்

என் ஆசை சூசை அண்ணனுக்கு,

நீ இருந்திருந்தால் என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். நேற்றுக் காலையில் ரத்தம் எடுக்கப் போகும் முன்னால் ஆறு சொம்புத் தண்ணீர் குடித்தேன் அண்ணே. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தொடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போனால் பரிசோதனையில் நோய் குறைவாகக் காட்டும் என்று ஒரு கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்ற மூளை, வேறென்ன செய்யும்?

கணக்கு உன்னிடம் படித்ததுதான். கோயில் திருவிழாவுக்கு லீவு கிடைக்காத வருசம், உப்பளத்தில் கடல் தண்ணீரைத் திறந்துவிட்டு பாத்தித் தண்ணீரின் உப்பு டிகிரியைக் குறைத்தோமே. முதலாளி கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் முத்தலையேடா" என்று உப்பு வாருவதை இரண்டு நாள் தள்ளிவைத்தார். நாம் சப்பரத்தின் பின்னால் போனோம்.

எனக்கும் இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. நாளைக் காலையில் பைபாஸ். மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறேன். சன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன. என் மகள் ஸ்டெல்லா கூடவே இருக்கிறாள்.

இன்று காலை டாக்டர் வந்தார். நம்ம பக்கத்து நாசரேத்துக்காரர், சின்ன வயசு. "அண்ணாச்சி, இதயம் பாரம் தாங்காம இழுபடும்போது ரத்தத்துல ஒரு பொருளை விடும். உங்களுக்கு அது கூடுதலா இருக்கு" என்றார்.

"கூடுதல்னா?"

"ஆபரேசனுக்கு அப்புறம் மூச்சு மெசின் ரெண்டு நாள் கூட வேணும்னு வரலாம். கிட்னி சிரமப்படலாம். அதுக்கு நாங்க தயாரா இருக்கணும்லா, அதான் முன்னாடியே பாக்கோம்."

"ஆளு போயிருவானா டாக்டர்?"

"அதை இது சொல்லாது அண்ணாச்சி. உங்கள மாதிரி இருக்கவங்கள்ல எத்தன பேருக்குச் சிரமம் வரும்னுதான் சொல்லும். அந்தச் சிரமப்படுத ஆளு நீங்கதானான்னு சொல்லாது."

நம் கண்ணாடிக் குழல் இருபத்துநாலு டிகிரி காட்டினால் உப்பு விழும், விழுந்தே தீரும். இது என்ன குழல், பாதி சொல்லிவிட்டு மீதியை நம்மிடம் விட்டுவிடுகிறது?

அப்புறம் அவர் என் காலை அமுக்கிப் பார்த்தார். "வீங்கியிருக்கே. தண்ணி கூடக் குடிச்சீங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "அப்பா, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா. ஆறு சொம்பையும் அதன் கணக்கையும் சொல்லிவிட்டேன்.

"யப்பா, இது என்ன உப்பளமா?" என்று சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். "தண்ணி குடிச்சா இந்தக் கணக்கு குறையாது அண்ணாச்சி, இதயத்துக்குப் பாரம்தான் ஏறும்" என்றார். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பில் இல்லை.

பிறகு, ரத்தம் கொடுக்க வந்திருந்த உப்பளத்து ஆட்களைப் பார்க்கக் கீழே போனாள். அப்போதுதான் டாக்டர் அடுத்த தாளைப் புரட்டினார்.

"கூடப்பிறந்தவங்க உண்டா? யாருக்காவது இதே ஆபரேசன் நடந்திருக்கா? மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

"நான் ஒத்தைக்கு ஒருத்தன் டாக்டர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது அண்ணே. ஒரே பாயில் படுத்தோம், ஒரே உப்புப் பாத்தியில் கால் வெந்து நின்றோம், ஒரு வரியில் உன்னை இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? உன்னையும் சேர்த்துக் கூட்டினால் என் கணக்கு இன்னும் ஏறிவிடுமோ என்று பயம். இதே ஆபரேசன் முடிந்து உனக்கு மயக்கம் தெளியவே மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. கண்ணைத் திறந்து, "ஏலே, பசிக்குலே" என்றாய். நான் இட்லி வாங்க ஓடினேன். மூன்றாம் நாள் நீ இல்லை. உன் ரத்தத்தில் அந்தப் பொருள் எவ்வளவு இருந்தது? பார்த்தார்களா? அன்றைக்கு நானும் கேட்கவில்லையே.

மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். தண்ணீரை மறைத்தேன், கால் காட்டிக்கொடுத்தது. உன்னை மறைத்தால் எது காட்டிக்கொடுக்கும்? நாளை மயக்கத்தில் கிடக்கும் நானா? அப்போது திருத்த எனக்கு வாய் இருக்காதே.

சாயங்காலம் டாக்டர் மறுபடி வருவார். ஸ்டெல்லா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், சத்தியம். நாக்கு ஒட்டிக்கொண்டால் இந்தத் தாளையே அவர் கையில் கொடுத்துவிடுவேன். காலையில் தொண்டை வரைக்கும் வந்து நான் விழுங்கியது இதுதான்:

டாக்டர், எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். பேர் சூசை.

இப்படிக்கு,
அவன் கூடப்பிறந்த தம்பி
அந்தோணி