தலையிடாமை

பதிவு 1 — 14 பிப்ரவரி 2071, காலை 07.10

மன்னார் வளைகுடா, கடலடி நிலையம், ஆழம் பதினாறு மீட்டர். பதிவாளர் செலின் மச்சாடோ, கடல் உயிரியலாளர். நிலையத்தில் நான் ஒருத்திதான். காற்றழுத்தம் சரி. தண்ணீர் தெளிவு. கடல்பசுத் தாயும் குட்டியும் புல் மேய வந்துவிட்டன. இந்த வளைகுடாவில் மிஞ்சியிருப்பவை இந்த இரண்டும்தான்.

மேலே கப்பலில் படப்பிடிப்புக் குழு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் எடுப்பது 'நீலத்தின் தாலாட்டு' என்ற ஆவணப்படம். கடலைக் காப்பாற்றப் போகிறதாம். இயக்குநர் நிரஞ்சனுக்கு உப்புத் தண்ணீர் பட்டால் தோல் அரிக்கும். வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் காலை நனைக்கவில்லை. இந்த லட்சணத்தில் கடல் அவருக்குத் தாயாம், பேட்டி கொடுத்திருக்கிறார்.

பதிவு 2 — அதே நாள், 11.40

நீந்தும் கேமராக்கள் ஆறும் வேலை செய்கின்றன. விலங்குகள்தான் 'ஒத்துழைக்கவில்லை'.

கப்பலிலிருந்து நிரஞ்சன்: "செலின், அது ஃபிரேமை விட்டுப் போயிட்டே இருக்கு. ஏதாவது பண்ணுங்களேன்."

என்ன பண்ண? கடல்பசுவைக் கூப்பிட்டுக் கண்டிக்கவா? அது மூச்சு விட மேலே போகும், பிறகு இறங்கி மேயும். அதற்கு வேறு பிழைப்பு இருக்கிறது.

பதிவு 3 — 15 பிப்ரவரி, 09.05

புல்வெளியைச் சுற்றி வலை இறக்கியிருக்கிறார்கள். கண்ணாடி போன்ற நைலான் இழை, தடை செய்யப்பட்டது. கேமராவுக்குத் தெரியாது. கடல்பசுவுக்கும் தெரியாது, அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வலையை அகற்றச் சொன்னேன்.

கப்பலிலிருந்து: "வலைன்னு சொல்லாதீங்க செலின், வேலின்னு சொல்லுங்க. மேல திறந்துதானே இருக்கு, தாராளமா மூச்சு விடட்டும்."

என் ஊர் மீனவன் இதே இழையில் ஒரு முழம் வைத்திருந்தால் படகைப் பறிமுதல் செய்வார்கள். இவர்கள் போட்டால் வேலி. தூ.

பதிவு 4 — 16 பிப்ரவரி, 15.48

மதியத்திலிருந்து வாடைக்காற்று. நீரோட்டம் வலுத்து, வேலி சாய்ந்து மடங்கிவிட்டது. தாயின் வால் அதில் சிக்கியிருக்கிறது. மேலே போக முடியவில்லை. குட்டி சுற்றிச் சுற்றி வருகிறது. மூச்சு தாங்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அறுக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

கப்பலிலிருந்து: "வேணாம் செலின். இயற்கையில நாம தலையிடக் கூடாது. அதுதான் நம்ம கொள்கை. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

வலை போட்டது தலையீடு இல்லை. அறுப்பது தலையீடு. இவன் மூளையை எந்தக் கடையில் வாங்கினான்.

மூழ்கு கவசத்தை மாட்டிக்கொண்டே பேசுகிறேன். இனி தலைக்கவசம் வழியாக நிலையத்தில் பதிவாகும்.

பதிவு 5 — 15.54

அறுத்துவிட்டேன். கடைசி இழை அறுந்ததும் தாய் வாலால் ஒரு அடி கொடுத்தது, கத்தி கையைவிட்டுப் போனது. போகட்டும். தாய் மேலே போய்விட்டது. குட்டியும் பின்னாலேயே. மூச்சு விடும் சத்தம் இங்கேவரை கேட்டது. அழுகை வருகிறது. வரட்டும்.

பதிவு 6 — 16.04

மடங்கிய வலை என்மேல் சரிந்துவிட்டது. இரண்டு காலும் இடுப்பும் மாட்டிக்கொண்டன. கையால் அறுபடவில்லை. சேறு கலங்கிக் கத்தி எங்கே என்று தெரியவில்லை. கவசத்தில் காற்று அரை மணி நேரத்துக்கு வரும். கப்பலில் பாதுகாப்பு மூழ்காளர் பெஸ்கி அண்ணன் இருக்கிறார். அவரை இறக்கச் சொன்னேன்.

கப்பலிலிருந்து: "கண்டிப்பா செலின். காத்து இன்னும் இருக்குல்ல? ஒரு பத்து நிமிஷம். ஒரு விஞ்ஞானி தன் உயிரைப் பணயம் வெச்சு... இதுதான் நம்ம கிளைமாக்ஸ். பயப்படாதீங்க, பார்த்துக்கிட்டேதான் இருக்கோம்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேமராக்கள் என்னை நோக்கித் திரும்பிவிட்டன.

பதிவு 7 — 16.17

வேறொரு குரல், பெஸ்கி அண்ணன்: "எம்மா செலினு, நான் இறங்குதேன்னு நிக்கேன், உட மாட்டேங்கானுவ. ஷாட்டுக்குள்ள வந்துருவேனாம். ரெண்டு பேரு பிடிச்சு வெச்சிருக்கானுவ. ஏல, கைய எடுல—"

அவர் பேச்சைத் துண்டித்துவிட்டார்கள்.

பதிவு 8 — 16.22

என் விளக்கை அணைத்துவிட்டேன். சேற்றில் ஒன்றும் தெரியாது. படம் இல்லையென்றால் அவர்களுக்கு நான் வெறும் செலவு. அப்போதாவது ஆளை இறக்குவார்கள்.

கப்பலிலிருந்து: "செலின், லைட் போயிடுச்சு. போடுங்க ப்ளீஸ்."

நான்: "பெஸ்கி அண்ணனை இறக்குங்க, போடுறேன்."

தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் போல. அவசரமில்லாத ஜென்மங்கள்.

பதிவு 9 — 16.29

கப்பலிலிருந்து: "பரவால்ல செலின். இருட்டுல எடுக்கற மோடுக்கு மாத்திட்டோம். முகம் அருமையா தெரியுது. அப்படியே இருங்க."

அப்படியே இருங்களாம். வேறெங்கே போக.

பதிவு 10 — 16.34

மூச்சு இழுத்தால் பாதிதான் வருகிறது. தலை சுற்றுகிறது. பயமாக இருக்கிறது, எழுதி வையுங்கள், பயமாகத்தான் இருக்கிறது.

இதைக் கேட்பவர்களுக்கு. படம் வந்தால் முடிவில் என் பெயரைப் போட்டு நன்றி என்பார்கள். நம்ப வேண்டாம்.

தாயும் குட்டியும் கிழக்கே போய்விட்டன. நிலையத்தின் நீரடி ஒலிவாங்கி வழியாகத் தலைக்கவசத்தில் கேட்டது, தூரத்தில், இரண்டு மூச்சு. அதை நிரஞ்சன் படம் எடுக்கவில்லை. எடுக்க அங்கே ஒரு கேமராகூட இல்லை. ஆறும் இங்கேதான், என் முகத்துக்கு நேரே, பதிவு விளக்கு சிவப்பாக