பெயருக்குக் கீழே ஒரு கோடு

நடபுவா, லௌடோக்கா, பிஜி
ஞாயிறு, 15 நவம்பர் 1987

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

ஆதித்யாவின் நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். சர்க்கரை ஆலை ஓடுகிறது, சம்பளம் வருகிறது, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இரண்டாவது ராணுவப் புரட்சிக்குப் பிறகு சாலையில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் அதிகம். என் பையைத் திறப்பார்கள், டிபன் பாக்ஸைப் பார்ப்பார்கள், போகச் சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, கடை கிடையாது, பந்து விளையாடக்கூடாது, எல்லோரும் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று புதுச் சட்டம். ஓய்வெடு என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

அம்மா, பக்கத்து வீட்டுப் பல்ராமின் மகள் அஷ்னிதாவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று நான் நாலு வரி எழுதியதற்கு நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவர்கள், எந்த ஊர், எந்த வகையறா என்று அவர்களுக்கே தெரியாது, தமிழும் வராது, அசல் எது போலி எது என்று பார்க்கத் தெரியாத பிள்ளையைப் படிக்க வைத்தோமே என்கிறாய். சரி. அப்பா, அதே கடிதத்தில் நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை இல்லை. அதனால் இந்தக் கடிதம் முக்கியமாக உங்களுக்கு. பம்ப் தொழிற்சாலையில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர் நீங்கள். நான் கண்டுபிடித்ததை இந்த உலகத்தில் முழுதாக ரசிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். இரண்டு வாரமாக எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

விஷயம் ஒரு கடிகாரம். வால்டோர் என்று ஒரு சுவிஸ் கம்பெனி, அதில் மெரிடியன் என்று ஒரு மாடல். கறுப்பு முகப்பு, எஃகுக் கூடு, தினமும் சாவி கொடுக்க வேண்டும். விலையைச் சொன்னால் அம்மா மயங்கி விழுவாள். இங்கே கரும்பு நன்றாக விளைந்த காலத்தில், கையில் நாலு காசு சேர்ந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் என்றால் தாலி கட்டுவதற்கு முன் அவன் அப்பா அவன் கையில் ஒரு மெரிடியன் கட்ட வேண்டும். பின்பக்கம் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டித் தருவார்கள். மந்திரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், இதைக் கவனிப்பார்கள்.

பல்ராமின் அப்பா கோவிந்தசாமி, லாரி வைத்துக் கரும்பு ஏற்றியவர். மூத்த மகன் மகேந்திராவுக்கு 1961இல் ஒன்று கட்டினார். இளையவர் பல்ராமுக்கு 1964இல் ஒன்று. அதே மாடல், அதே விலை, ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் இறந்த பதினாறாம் நாள், சடங்கு முடிந்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, பல்ராம் முதல்முறையாக இரண்டு முகப்புகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அண்ணனுடையதில் எழுத்துகள் பொன் நிறம். தன்னுடையதில் வெள்ளை. போதாததற்குக் கம்பெனிப் பெயருக்குக் கீழே மெல்லியதாக ஒரு கோடு. அண்ணனுடையதில் கோடு இல்லை.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. கடைகளில் பழுதான, போலியான சரக்கின் விலைச் சீட்டில் பெயருக்குக் கீழே கோடு இழுத்துவிடுவார்கள். கப்பலிலிருந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களுக்கென்று அது தனித் தட்டில் போகும். சீட்டில் போடுவதுதான் கடிகாரத்திலும் என்று நினைத்துவிட்டார்கள். மகேந்திரா மனைவியின் தம்பி ரவீந்திரா அப்போது கடைப் பையன், "அது டூரிஸ்ட் தட்டு சரக்கு மாமா" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பல்ராம் அண்ணனைப் பார்த்திருக்கிறார். மகேந்திராவும் சிரித்துக்கொண்டே, "அப்பாருக்குத் தெரியாதா, யாருக்கு இன்னா குடுக்கணும்னு" என்றாராம். அவ்வளவுதான். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கரும்பு வயல், பதினாறு வருடமாகப் பேச்சு இல்லை.

இப்போது பல்ராம் குடும்பம் ஆக்லாந்துக்குப் போகிறது. அஷ்னிதாவும்தான். விமானம் டிசம்பர் பன்னிரண்டு. போன மாதம் சாமான் கட்டும்போது அவர் ஒரு பால்பவுடர் டப்பாவை என் கையில் கொடுத்தார். உள்ளே அரிசி, அரிசிக்குள் கடிகாரம். "தூக்கிப் போட மனசு வரல. நீ மிஷின்காரன். பிரிச்சு பாத்துட்டு இன்னா வேணா பண்ணிக்க" என்றார்.

பிரித்தேன். அப்பா, உள்ளே பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சுத்தமான இயந்திரத்தையா டப்பாவில் புதைத்தார்கள்? ஒவ்வொரு பல்லும் அச்சுப்போல. போலி செய்கிறவன் திறந்தால்தானே தெரியும் என்று உள்ளே குப்பையைத்தான் வைப்பான். ஆனால் ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, நீங்களே சொல்வீர்கள். மாதிரி வேண்டும், நிறைய வேண்டும்.

மாதிரி எங்கே கிடைத்தது தெரியுமா? நாண்டியில் யோகேந்திரா என்பவரின் கடிகாரக் கடையில். மே மாதம் முதல் புரட்சி நடந்ததிலிருந்து சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை. கண்ணாடிப் பெட்டி முழுக்க நாட்டைவிட்டுப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போன கடிகாரங்கள். அதில் மெரிடியன் மட்டும் பதினொன்று. போன மாதக் கடைசிச் சனிக்கிழமை அஷ்னிதாவும் அவள் அம்மா சுஷீலாவும் பெட்டி வாங்க நாண்டிக்கு வந்தார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். யோகேந்திரா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மாட்டே, பாக்கவாவது பாரு" என்று பதினொன்றையும் துணியில் பரப்பினார். பார்த்தால் எதுவும் எதைப்போலவும் இல்லை. ஒன்றில் எழுத்தின் நுனியில் குட்டிக் கால் உண்டு, ஒன்றில் இல்லை. சாவித் திருகுக்குக் காவலாக நிற்கும் இரண்டு தோள்கள் ஒன்றில் கூர், இன்னொன்றில் மழுக்கல். நிமிடக் கோடுகளைச் சுற்றி வட்டம் சிலதில், சிலதில் இல்லை. நான் பூதக்கண்ணாடியோடு முகப்புகளை முறைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

அஷ்னிதா வங்கியில் குமாஸ்தா. அவளுக்கும் பொறுமை கிடையாது. என்னைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் குப்புறத் திருப்பிப் போட்டாள். இவர்கள் பேசும் இந்தியில் அவள் சொன்னதன் சாரம் இது: எல்லார் கல்யாணமும் முதுகில்தானே இருக்கிறது, எதற்கு மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?

தேதிப்படி வரிசையாக அடுக்கினாள். திரும்ப நிமிர்த்தினோம். அப்பா, ஒழுங்கு தானாக வந்து நின்றது. முதல் சில கடிகாரங்களில் பொன் எழுத்து, கூர்த் தோள், கோடு இல்லை. பிறகு தோள் மழுங்குகிறது. பிறகு எழுத்து வெள்ளையாகிறது. 1963 கடைசியில் ஒரு கல்யாணம், கோடு வருகிறது. 1964இல் மூன்று கல்யாணம், மூன்றிலும் கோடு. அதற்குப் பிறகு கோடு போய்விடுகிறது, திரும்ப வரவே இல்லை. அந்த மூன்றில் ஒன்று சுவாவின் பெரிய வக்கீல் வீட்டு மாப்பிள்ளையுடையது. அவர் தன் மகனுக்குச் சுற்றுலாத் தட்டிலிருந்தா எடுத்துக் கட்டியிருப்பார்? பையிலிருந்து பல்ராமுடையதை எடுத்து நடுவில் வைத்தேன். அளவு பார்க்கும் கேஜின் துளையில் ஊசி இறங்குவதுபோல இறங்கி உட்கார்ந்தது.

கோடு எதற்கு என்பது என் ஊகம், ஆனால் சரியான ஊகம். ஆலையில் பழைய அழுத்தமானிகளின் முகப்பிலும் இதே கதைதான். இருட்டில் ஒளிர எண்கள்மேல் முதலில் ரேடியம் பூசினார்கள். அது விஷம். பிறகு வீரியம் குறைந்த வேறு பூச்சுக்கு மாறினார்கள். மாறிய காலத்தில் வந்தவற்றுக்கு அடையாளமாக ஒரு சின்னக் குறி. அதாவது கோடு போட்டது பழுது என்று சொல்ல இல்லை, விஷம் குறைந்தது என்று சொல்ல. மகேந்திராவுடையதும் அசல், பல்ராமுடையதும் அசல். பார்ட் நம்பர் ஒன்றேதான், டிராயிங் ரிவிஷன் வேறு, அதாவது வரைபடத்தில் மட்டும்தான் திருத்தம். கடைக்காரர் முன்னாலேயே நான் குதித்துவிட்டேன். சுஷீலா அம்மா, "இன்னாம்மா இந்தப் புள்ளைக்கு, காத்து கீத்து பட்டுச்சா" என்று மகளைக் கேட்டார்.

ஓடிவந்து கடிகாரத்தை டப்பாவோடு பல்ராமிடம் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் துள்ளுவார் என்று நினைத்தேன். "சரி, கடியாரத்துல கோளாறு இல்ல. அண்ணன் சொன்ன பேச்சு?" என்று கேட்டுவிட்டு மறுபடி பெட்டிக்கு ஆணி அடிக்கப் போய்விட்டார்.

அதற்கு என்னிடம் பூதக்கண்ணாடி இல்லை. அதனால் திங்கட்கிழமை ஆலையிலிருந்து நேராக, பூட்ஸோடு மகேந்திரா வீட்டுக்குப் போனேன். உங்கள் கடிகாரத்தைக் கழற்றுங்கள் என்றேன். "யார்ரா நீ, கஸ்டம்ஸா?" என்றார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு முறை சொன்னேன். கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார். கண்ணாடியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் மனைவி அஞ்சலை டீ கொடுத்தார். "குடிச்சுட்டு கெளம்பு" என்றார் மகேந்திரா. திரும்பி வந்து அஷ்னிதாவிடம் சொன்னால், மிஷினிடம் பேசுவதுபோலப் பேசியிருப்பாய் என்று திட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை. வண்டி எதுவும் ஓடக்கூடாத நாள், சாலையில் நடந்தாலும் கேள்வி கேட்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரும்புக்கு நடுவிலிருந்து மகேந்திரா வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் காய்ந்த கரும்புச் சோகை ஒட்டியிருந்தது. கையில் ஒரு பலாக்காய். பல்ராம் முற்றத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. மகேந்திரா பலாக்காயைக் கீழே வைத்தார். தன் மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, தம்பியைப் பார்த்து, "மணி இன்னா ஆவுது?" என்றார்.

பல்ராம் உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து அரிசியைப் பேப்பரில் கொட்டினார். கடிகாரத்தைத் துடைத்தார், சாவி கொடுத்தார், காதில் வைத்துப் பார்த்தார். முள்ளைத் திருப்ப வேண்டுமே. "உன்து இன்னா காட்டுது?" என்று கேட்டார்.

"ரெண்டு இருவது. என்து எப்பவும் நாலு நிமிஷம் முன்னால ஓடும். நீ ரெண்டு பதினாறு வை."

"பரவால்ல," என்றார் பல்ராம். "உன்து போலவே வெச்சுக்கறேன்."

அது தவறான நேரம், அப்பா. திருத்த வாயைத் திறந்தேன். அஷ்னிதா என் காலை ஓங்கி மிதித்தாள். பிறகு பார்த்தால் அண்ணனும் தம்பியும் ஒரே பெட்டிமேல் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலாக்காய் முற்றலா இளசா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா, உனக்கும் இரண்டு வார்த்தை. அஷ்னிதா தமிழில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சோறு துன்னியா?" நீ காதைப் பொத்திக்கொள்வாய். நானும் வந்த புதிதில் சிரித்தேன். ஆனால் பதினெட்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து, ஊரடங்கில் மாட்டி, தெருவிளக்கு இல்லாமல் நடந்துவந்த அன்றைக்கு வாசலில் நின்று அதைக் கேட்டவர்கள் இவர்கள்தான். வேறு எந்தத் தமிழும் அன்றைக்கு என்னைக் கேட்கவில்லை. ஜாதகத்தோடு நீ அனுப்பிய கோயம்புத்தூர்ப் பெண்ணின் போட்டோவை, அந்த வரனைச் சொன்ன நந்திதா அக்காவுக்கே பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணைக் காக்க வைப்பது நியாயம் இல்லை.

இப்போது முக்கியமானது. பல்ராம் அந்தக் கடிகாரத்தை ஒரு வாரம் கட்டியிருந்தார். தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை என்று சுஷீலா அம்மா சொல்கிறார். இன்று காலை கழற்றி என் முன்னால் வைத்தார். எடுத்துக் கட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "நீயா கட்டிக்கக் கூடாது. நானும் கட்டக் கூடாது. மாப்பிள்ளைக்கு அவங்க அப்பாதான் கட்டணும், அதான் வழக்கம். எங்கப்பாரு எனக்கு கட்டுனாரு. உங்கப்பாரு கட்டறேன்னு சொன்னா இது உன்து. சொல்லாட்டி ஏர்போர்ட்ல எங்கிட்ட குடுத்துடு, நான் கோச்சுக்க மாட்டேன்" என்றார். அஷ்னிதா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டென்று குழாயை மூடினாள்.

கல்யாணம் ஆக்லாந்திலா, கோயம்புத்தூரிலா, எப்போது என்பதெல்லாம் பிறகு. நீங்கள் இப்போது பிஜிக்கு வர வேண்டியதில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு முன் ஒரு தந்தி போதும், கட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை போதும்.

அப்பா, வரைபடம் மாறியதற்காக ஒரு நல்ல உருப்படியை நீங்கள் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. சந்தேகம் வந்தால் கையில் எடுத்துப் பார்ப்பீர்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டீர்கள் என்று தொழிற்சாலையே சொல்லும். போன கடிதத்தில் மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள்.

கடிகாரம் என் மேஜைமேல் இருக்கிறது. தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். நாலு நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது, நான் திருத்தவில்லை. பின்பக்கம் பல்ராம் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருக்கிறது. வார் மட்டும் பழசு, புதிது வாங்கிவிட்டேன். அதை மாட்டி வைத்திருக்கிறேன், பக்கிள் போடவில்லை. அதற்கு உங்கள் கை வேண்டும்.

இருவர் காலையும் தொட்டு வணங்கும்,
உங்கள் மகன்
ஆதித்யா