பக்கத்து இஸ்திரி மேசை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறார், செய்வதைவிடச் செய்ததாகச் சொல்வதுதான் அதிகம். சமையலறைக் குழாய் ஒழுகியதைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறார். இது நான் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், என் மேலும் தப்பு இருக்கிற விஷயம்.

வானொலி அத்தையைப் பற்றித்தான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக என் பக்கத்து இஸ்திரி மேசையில் நிற்கிறவள், அத்தனை இயந்திரச் சத்தத்தையும் மீறிக் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசுகிறவள், நீ எட்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலையோடு கிடந்தபோது கதை சொல்லிச் சொல்லியே உனக்கு மருந்து புகட்டினவள். ஆறேழு மாதமாக அவள் ஆளே மாறிவிட்டாள், பாப்பா. நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்று ஆள் சேர்க்கிற வியாபாரம் ஒன்றில் இறங்கிவிட்டாள். துணி துவைக்கிற ஏதோ ஒரு திரவம், விலையைக் கேட்டால் மயக்கம் வரும், கடையில் கிடைக்காதாம். நாம் மூன்று பேரைச் சேர்க்க வேண்டுமாம், அந்த மூன்று பேரும் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்க்க வேண்டுமாம், அதற்குப் பிறகு நாம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமாம். நாள் முழுக்க அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டுவது போதாதென்று வீட்டுக்கும் அதையே தூக்கிக்கொண்டு போகிறாயா என்று முதலில் நானும் கேலி செய்தேன். கேலி செய்கிற கட்டம் சீக்கிரமே தாண்டிவிட்டது. தலைவலிக்கிறது என்று சொன்னால், சொந்தத் தொழில் இருந்தால் தலைவலியே வராது என்கிறாள். நல்லா இருக்கியா என்று கேட்டாலே அதற்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று எல்லோருக்கும் பயம். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொருத்தியாக எழுந்து கை கழுவப் போகிறார்கள். வானொலியில் இப்போ விளம்பரம் மட்டும்தான் ஓடுது என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருநாள், அவள் வீடு சின்னது என்று சொல்லி, ஒரு கூட்டம் நடத்த நம் வீட்டு முன்னறையைக் கேட்டாள். எப்படி மறுப்பது? எட்டுப் பெண்கள் வந்தார்கள், வந்ததே நம் வீடு என்பதால்தான். வெள்ளைத் துணியை விரித்து, வியாபாரத்துக்கென்றே கொடுத்திருந்த ஒரு சின்ன பாட்டிலிலிருந்து பழுப்பாக எதையோ ஊற்றினாள், மேலே அந்தத் திரவத்தில் நாலு சொட்டு விட்டாள், கண்ணெதிரே கறை மறைந்துபோயிற்று. எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். பாட்டில் மூடியைத் திறந்ததுமே எனக்கு மூக்கில் தெரிந்துவிட்டது. அது அயோடின், பாப்பா. அறுவைச் சிகிச்சைத் துணியில் தினமும் நாங்கள் பார்க்கிற கறை. அதற்கென்று ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து வைத்திருப்போம், பட்டதும் நிறம் போய்விடும், இந்தத் திரவத்திலும் அதைத்தான் கலந்திருக்க வேண்டும். ரத்தக் கறையிடமோ எண்ணெய்க் கறையிடமோ அந்த வித்தை செல்லாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அப்போதுதான் கீழ் வீட்டுப் பெண், ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க இந்த வேலையிலயே இருக்கீங்க, நீங்க சொல்லுங்க, இது நெசமாவே நல்லதா?" என்று கேட்டாள். எட்டுப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வானொலியும் என்னைப் பார்த்தாள், வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே, தலையைத்தானே ஆட்டினேன் என்று இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கீழ் வீட்டுப் பெண் அன்றைக்கே சேர்ந்துவிட்டாள், தையல் மிஷின் வாங்க வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து. அதற்குப் பிறகு நான் படியிறங்கும்போதெல்லாம் அவள் கதவு திறந்திருக்கும், தொட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும், குழந்தையை ஒரு கையில் ஆட்டிக்கொண்டே கூடப் படித்தவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருப்பாள். வானொலி பேசுகிற அதே வாக்கியம், அதே சிரிப்பு. மூன்றாவது வாரம் அவளுடைய சொந்த அக்காவே பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாள். கையில் போனோடு அவள் நின்ற நிலையைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அது அயோடின் என்று, எனக்கு அப்போதே தெரியும் என்று. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அக்கா, நான் அந்த மருந்தப் பாத்து சேரல. நீங்க தலையாட்டுனதப் பாத்துதான் சேந்தேன்" என்று மட்டும் சொன்னாள். பிரிக்காத பெட்டிகளை நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு போய் வானொலியிடமே திருப்பிக் கொடுத்தோம். கட்டின பணத்தில் பாதிதான் தேறிற்று. மறுநாள் வேலையில், விரிப்பை மடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "கூட்டத்துல மேல இருக்கறவங்க சொன்னது சரிதான்டி. நம்மளக் கீழ இழுக்கறது வெளியாள் இல்ல, கூடவே இருக்கறவங்கதான்" என்றாள் வானொலி. அவ்வளவுதான், அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இவள் ஒருநாளாவது வாயை மூட மாட்டாளா என்று நான் எத்தனை தரம் அலுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசையில் அந்த மௌனத்தை வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தால்தான் தெரிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினாள், கையில் ஒரு வெள்ளைத்தாள். பிரிவில் யாருக்கு என்ன மனு என்றாலும் என்னிடம்தான் எழுதி வாங்குவார்கள், அது உனக்குத் தெரியும். வேலையை விடுவதாக ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். ஒரு கால் வேலையிலும் ஒரு கால் தொழிலிலும் வைத்திருப்பதால்தான் மேலே ஏற முடியவில்லை என்று அந்த வியாபாரத்துக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருஷம், பாப்பா, இப்போது விலகினால் ஓய்வூதியம் கையை விட்டுப் போய்விடும். அப்பா உள்ளறையிலிருந்து வேண்டுமென்றே இருமினார், அவளை வாசலோடு அனுப்பிவிடு என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். நான் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அது அயோடின்தானே என்று கேட்டேன். "ஆமா. உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நீ தலையாட்டினப்போ உன் மூஞ்சியப் பாக்காம பாட்டில மூடி வெச்சேன்" என்றாள். பிறகு ஏன்டி என்றேன். "இத்தன வருஷமா பேசறேன், யாராவது ஒருத்தர் நின்னு கேட்டீங்களா? பேரு வெச்சு சிரிச்சீங்க. அங்க என்னை மேடையில ஏத்தி மைக்கக் கையில குடுத்தாங்கடி. நான் பேசி முடிச்சதும் முந்நூறு பேர் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன், தெரியுமா?" என்றாள்.

அந்தப் பெயரை வைத்தவள் நான். இந்தக் கடிதத்திலும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கை பழகிவிட்டது. தாளை வாங்கி, ஒரு மாத விடுப்புக்கு மனு எழுதினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இது லீவு லெட்டராச்சே" என்றாள். ஆமாம், ஒரு மாதம் முழுசா அதையே செய்து பார், அதற்குப் பிறகும் விடுவதென்றால் நானே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் ராஜினாமா எழுதித் தருகிறேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன் என்றேன். மனுவை இன்னொரு தரம் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் ஓடிவிட்டது. போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அறைக்குள் ஜன்னல்வரை அட்டைப்பெட்டி, படுக்க ஒரு ஆள் அகலம்தான் மிச்சம். டீ போட்டுக் கொடுத்தாள். பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையைப் பத்து நிமிஷம் நடித்தே காட்டினாள், நடுவில் அந்தத் திரவத்தின் பேச்சே இல்லை, சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் போன் அடித்தது. எடுத்துப் பேசிய குரல் வேறு யாருடையதோ. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கீழ் வீட்டுப் பெண் என்னிடம் பேசாமல் இல்லை, பேசுகிறாள், ஆனால் முன்போலக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை. வேலையில், துணி மலையாகச் சேர்கிறது, அத்தையின் மேசையைப் புது ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று மேலதிகாரி சொன்னார். இரண்டு மேசையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வலது தோளைத் தூக்க முடியவில்லை, அப்பாவிடம் சொல்லிவிடாதே, ஒத்தடம் கொடுக்கிற பையை நான் வாங்கியது தன் முழங்காலுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. வெளியூரில் இருப்பவர்கள் என்று அத்தை எழுதி வைத்திருக்கிற பட்டியலில் உன் பெயரையும் பார்த்தேன், கட்டாயம் கூப்பிடுவாள். போனை எடு. சேர மாட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடு, பாவமே என்று ஒரு பாட்டில்கூட வாங்கிவிடாதே, அந்த ஒரு பாட்டிலைக் காட்டியே இன்னும் பத்துப் பேரைப் பிடிக்கச் சொல்லுவார்கள். அம்மா எழுதியிருந்தாள் என்று சொல்லாதே, புத்தியும் சொல்லாதே, அதெல்லாம் நாங்கள் சொல்லிப் பார்த்தாயிற்று. மாமியார் கதை, பக்கத்து வீட்டுக் கதை, எதையாவது கேள், அவள் சொல்லி முடிக்கிறவரை கேள். போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவாதே, அவளுக்குத் தெரிந்துவிடும்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, பாப்பா. ஞாயிற்றுக்கிழமையோடு விடுப்பு முடிகிறது, ஒன்றாம் தேதி திங்கட்கிழமை அவள் வேலைக்கு வர வேண்டும். வருவாளா, அல்லது வெள்ளைத்தாளோடு மறுபடி நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாளா? தட்டினால் சொன்னபடி எழுதிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் இஸ்திரிப்பெட்டி சூடேறப் பத்து நிமிஷம் ஆகும். அன்றைக்கு நான் கொஞ்சம் முன்னதாகவே போய் இரண்டு மேசையிலும் சுவிட்சைப் போட்டுவிட்டு நிற்கப் போகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் வாழ வேண்டும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், இந்த வாரமே போய் மாற்று. அத்தை போன் வந்தால் எடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா