கடைசியா ஆர் கை வைச்சது?

மாமா,

ஸ்டியரிங்கில் நீங்கள் சுற்றிக் கட்டியிருந்த சாரத் துண்டைத் தோய்க்கலாம் என்று இன்று பின்னேரம் அவிழ்த்தேன். இரண்டு மாதமாக ஒருவரும் தோய்க்காத துணி. கம்பியூட்டர் ஒரு மணித்தியாலம் ஓடி அறை சூடேறியிருந்தது. அந்தச் சூட்டில் துணியிலிருந்து உங்கள் தைலத்தின் மணம் மெல்ல எழும்பியது. வாளிக்குள் போட மனம் வரவில்லை. திரும்பவும் சுற்றிக் கட்டிவிட்டேன். உங்களைப் போல இறுக்கமாக வரவில்லை.

ஓம் மாமா, உங்கடை பஸ் திரும்ப ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் மகள் நித்திரை. உங்கள் மகனும் படுத்துவிட்டார். எனக்குத்தான் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அத்தனை வருசம் பஸ் ஓட்டிய மனிசன், பென்சன் எடுத்த பிறகு கேற்றுக்கும் கிணற்றுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இவர் தன்னுடைய கேம் கம்பியூட்டரில் ஒரு ஸ்டியரிங்கைப் பூட்டி, அந்த பஸ் விளையாட்டைப் போட்டுத் தந்தார். "எனக்கோ? விளையாட்டோ? உனக்கென்ன விசரோ?" என்றீர்கள். ஐந்து நிமிசம் இருந்து பார்க்கிறேன் என்று இருந்தீர்கள். அன்று உங்கள் சோறு ஆறிப்போனது. பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்தால் சேட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, ஒன்றரைக்குக் கதிரையில் இருப்பீர்கள். சேட்டில்லாமல் ஒருநாளும் பஸ் எடுத்ததில்லை.

அது எங்கேயோ பனி கொட்டுகிற தேசம். எங்கள் கோப்பாய் வெய்யிலில் வியர்க்க வியர்க்க நீங்கள் பனிக்குள் ஓட்டுவீர்கள். ஏறுகிற சனம் வாய் திறக்காதது உங்களுக்குப் பெரிய மனக்குறை. "ஒருத்தரும் கதைக்கினமில்லை பிள்ளை. செத்தவீட்டுக்குப் போற வான் மாதிரிக் கிடக்கு." ஒரு நாள் வழியில் ஒரு தேவாலயம் வந்தது. பழக்கத்தில் ஸ்டியரிங்கை விட்டுக் கையை நெஞ்சில் வைத்தீர்கள். பஸ் போய் விளக்குக் கம்பத்தில் மோதியது. நான் சிரிக்க, "கோயில் எண்டால் கோயில்தானே" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல பின்னுக்கு எடுத்தீர்கள். மடியில் இருந்த மகள்தான் கொண்டக்டர். "றைற், போவம்" என்பாள். அவள் சொல்லாமல் நீங்கள் எடுக்கமாட்டீர்கள்.

போன வருசம் காற்றுக் காலத்தில் பஸ் விக்கி விக்கி ஓடத் தொடங்கியது நினைவிருக்கிறதா? வளைவில் திருப்பினால் படம் ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு பாய்ந்து போய் வயலுக்குள் கிடக்கும். இவர் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தார். "நிழலைக் குறைக்கிறன் அப்பா. கண்ணாடியிலை தெரியிற படத்தையும் குறைக்கிறன்."

"நிழலை விடடா. உதிலை கடைசியா ஆர் கை வைச்சது?"

நான் குசினி வாசலில் நின்று, "நான்தான் மாமா. செம்மண் புழுதி படுகுதெண்டு ஒரு துணியாலை மூடினனான்" என்றேன். அழுகை வருமாற்போல இருந்தது.

நீங்கள் எழும்பிப் போய், பஸ் பொனற்றில் வைக்கிறதுபோலக் கம்பியூட்டர்ப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். "நல்லாச் சுடுது. மூச்சு விடேலாமல் கிடக்கு." துணி பின்பக்கம் சரிந்து காற்றாடியை அடைத்திருந்தது. அதை இழுத்து எடுத்து, பெயின்ற் பிறஸ்ஸால் தூசு தட்டியபின் என்னைப் பார்த்தீர்கள். "குற்றம் பிடிக்கக் கேக்கேல்லை, பிள்ளை. எங்கை தேடுறதெண்டு தெரியத்தான் கேட்டனான்."

அந்தச் சொல்லை அன்று நான் காதில் வாங்கியதோடு சரி. நீங்கள் போன பிறகு அதன் முன்பாதியில் இருந்த 'குற்றம்' மட்டும்தான் என்னைத் துரத்தியது.

நீங்கள் போன அந்தப் பின்னேரம் வீட்டில் உங்களோடு நானும் மகளும்தான். நாலு மணிக்கு உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தேன். சலரோகக்காரருக்குச் சீனி போடக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது பிள்ளை, ஒருக்கால்" என்று குரலைத் தணித்துக் கேட்டீர்கள். ஒரு கரண்டி போட்டுக் கலக்கித் தந்தேன். குடித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண் மூடியவர் பிறகு எழும்பவில்லை. நித்திரையில் இருதயம் நின்றுவிட்டது, ஒருவரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். படித்தவள்தானே, அந்த ஒரு கரண்டியால் ஆள் போகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? கடைசியாகக் கை வைத்தது நான்.

இவர் அந்தப் பின்னேரத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், மகளைத் தூக்குவார், சாப்பிடுவார். கேட்காமல் இருப்பதே கேள்வியாக எனக்குப் பட்டது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள் செத்தவீட்டுத் துடக்குக் கழிக்க வீடு கழுவினோம். இவர் மறுநாள் கிரியைக்குக் கீரிமலை போக வான் பிடிக்கப் போயிருந்தார். கம்பியூட்டர் வயர்களையெல்லாம் நான்தான் ஒரு கையால் கழற்றினேன், மற்றக் கையில் மகள். பெட்டியை மேசையோடு விறாந்தைக்கு இழுத்தோம். இவருடைய சகோதரி மச்சாள் வாளியோடு வர, சுவரில் பட்ட தண்ணீர் தெறித்துப் பெட்டியின் மேல் விழுந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். பின்னேரம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிப் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது. அப்பாடா என்று இருந்தது. தண்ணீர் பட்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து இவர் முதல்முறையாக அந்தக் கதிரையில் இருந்தார். உங்கள் பஸ்ஸைத்தான் எடுத்தார். தரிப்பிடத்தை விட்டு வெளிக்கிடவே இழுத்து இழுத்து ஓடியது. பனி கொட்டவில்லை, துண்டு துண்டாக நின்று நின்று விழுந்தது. நிழலைக் குறைத்தார், எல்லாவற்றையும் ஆகக் கீழே விட்டார், மென்பொருளைப் புதுப்பித்தார், பக்கத் தகட்டைக் கழற்றித் தூசு தட்டினார். ஒன்றுக்கும் மசியவில்லை. இரண்டாம் நாளும் பார்த்துவிட்டு, "சரி, உதுவும் போச்சு" என்று துணியைப் போட்டு மூடினார். பிறகு ஆரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைக் கொண்டுபோவார் என்றார்.

நான் துடைத்த அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எனக்கு நிச்சயம். இன்று சனிக்கிழமை. அவர் வயர்களைக் கழற்றுமுன் கடைசியாக ஒருதரம் போட்டு, உங்கள் பஸ்ஸை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியோடு போனேன். என்ன நினைத்தேனோ, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

குளிர்ந்துபோய்க் கிடந்தது.

"இஞ்சருங்கோ, உது சுடேல்லை."

"ஏன் சுடவேணும்?"

"போன வருசம் ஓட ஓட அடுப்பு மாதிரி எல்லே கிடந்தது. இப்ப இவ்வளவு இழுபடுது, சுடாமல் கிடக்குது. உள்ளுக்கை ஏதோ ஒண்டு வேலை செய்யாமல் இருக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை வைத்தும் பார்த்தார். அடுத்த கேள்வி என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், மாமா. அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"கடைசியாக் கை வைச்சது நான். வீடு கழுவேக்கை வயரெல்லாம் நான்தான் கழற்றிப் பூட்டினனான். தண்ணியும் பட்டது. உங்களுக்குச் சொல்லேல்லை."

"வயர் நீர்தான் பூட்டினீர் எண்டு தெரியும். வேறை ஆர் பூட்டுறது?" என்றவர் அப்படியே நின்றார். "நீர் பூட்டினீர்" என்று தனக்குள் இன்னொருதரம் சொன்னார். போன் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கும் சுவருக்கும் இடையில் தலையை விட்டார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கிட்டப் போனேன்.

சிரிக்கிறார் மாமா. நீங்கள் போன பிறகு முதல் சிரிப்பு.

பெட்டியின் பின்னால் மொனிற்றர் வயர் பூட்ட ஒரே மாதிரி இரண்டு வாய் இருக்கிறது. மேலே நிமிர்ந்து ஒன்று, கீழே படுத்தபடி ஒன்று. கீழே இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்ட், விளையாட்டுப் படங்களை வேகமாகக் காட்டவென்று அவர் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. நான் கைக்கெட்டிய மேல் வாயில் பூட்டியிருக்கிறேன். படம் வரும், ரீவி பார்க்கலாம், எல்லாம் சரிபோல இருக்கும். விளையாட்டு மட்டும் இழுபடும். "கார்ட் ஒரு மாதமா லீவிலை படுத்துக் கிடக்குது, அதுதான் சுடேல்லை. தண்ணியுமில்லை, ஒண்டுமில்லை. நானும் முன்னுக்கு இருந்து நிழலைக் குறைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், மடையன்."

வயரைக் கீழே மாற்றிப் பூட்டினார். காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. பனி பஞ்சுபோல விழுந்தது. மகள் எங்கிருந்தோ ஓடிவந்து அவர் மடியில் ஏறி, "றைற், போவம்" என்றாள். அவர் உடனே எடுக்கவில்லை. எழும்பிப் போய் ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆளை வரவேண்டாம் என்று போனில் சொல்லியாகிவிட்டது.

மகளுக்குச் சளி பிடித்தால், சோறு அடிப்பிடித்தால், முதலில் என்னையே பிடித்து உலுக்குகிற புத்தி எனக்கு. அது ஒரு நாளில் போகாது. ஆனால் உங்கள் சொல்லின் பின்பாதியை இன்று கையில் பிடித்துக்கொண்டேன். எங்கே தேடுவது என்று தெரியத்தான்.

பஸ் கடைசித் தரிப்பிடத்துக்கு வந்து நின்றபோது அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "அண்டைக்கு அப்பா கடைசியா என்ன சொன்னவர்?"

நான் மறைக்கவில்லை. "சீனி காணாது எண்டவர். ஒரு கரண்டி போட்டுக் குடுத்தனான்."

அவர் திரும்பி என்னை வடிவாகப் பார்த்தார். "உம்மிட்டையும் கேக்கிறவரோ? ஒவ்வொரு நாள் காலமையும் நான் ஒளிச்சுப் போட்டுக் குடுக்கிறனான்."

பிறகு மச்சாளுக்கு போன் எடுத்துக் கேட்டார். அவ வரும்போதெல்லாம் இரண்டு கரண்டியாம்.

மாமா, உங்களை என்ன செய்வது?