மாடம்பாக்கத்து விடியல் மழை

நவ. 10, திங்கள்

வெயில். நவம்பரில் இப்படி ஒரு வெயில், வெட்கமே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூ. என் ஃபெலோஷிப்பை நீட்டிப்பதா, பெட்டி கட்டச் சொல்வதா என்று மூன்று பேர் முடிவு செய்வார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு கண்டுபிடிப்பு. அங்கே உளறாமல் இருக்க இங்கே ஒருமுறை:

செயற்கைக்கோள் மழையைப் பார்ப்பதில்லை. மேகத்தின் உச்சியிலுள்ள பனித்துகள்கள், தரையிலிருந்து வரும் நுண்ணலையைச் சிதறடிக்கும். மேலே போகும் கருவிக்கு அந்த இடம் குளிர்ச்சியாகத் தெரியும். எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு மழை என்று என் சூத்திரம் கணக்குப் போடும். பனியே இல்லாத குட்டை மேகம் பெய்தால் கோட்டை விட்டுவிடும்.

இங்கே அதுதான் நடக்கிறது. மூன்று வாரத்தில் பதினோரு நாள், விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஆறுக்குள், மொட்டை மாடி மழைமானியில் மழை. அதே நேரம் தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோளில் பூஜ்யம். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு, கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கமே அனுப்பிவிட்டார், தன் பெயரை முதலில் போட்டு.

கண்ணால் கண்ட ஆதாரமும் உண்டு. ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் மாடி ஈரம். தெருவும் ஈரம்.

வாங்க: பால், பேட்டரி, ஷாம்பு.

நவ. 11, செவ்வாய்

வெயில்தான். ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம் அண்ணன் படிக்கட்டில் மடக்கினார்.

"இன்னா மா, நாளைக்கு மழை கீதா?"

"அது தெரியாதுண்ணா. நேத்து எவ்ளோ பெஞ்சுதுன்னுதான் சொல்ல முடியும்."

"நேத்து எங்க மா பெஞ்சுது? இதுக்கா ராக்கெட்டு வுட்டுகினு கீறாங்கோ?"

ஐந்தரைக்குத் தூங்கியிருப்பார், பாவம். 'பொதுமக்களின் நினைவு ஆதாரமாகாது' என்று ஸ்லைடில் ஒரு வரி சேர்த்தேன்.

நவ. 12, புதன்

மேகம் மட்டும். ஒரே ஒரு மழைமானியை நம்பியா என்று கேட்பார்கள். அதற்காகவே காலேஜ் தோழி செல்வியின் மேடவாக்கம் அபார்ட்மென்ட் மாடியில் இன்னொன்று வைத்திருந்தேன். டேட்டா எடுக்கப் போனேன். போக ஒன்றேகால் மணி நேரம், ட்ராஃபிக்கில் பாதி உயிர் போனது.

அங்கேயும் விடியல் மழை! ஐந்தேமுக்கால்!

செல்வி: "இங்க எங்கடி மழை? டெய்லி டேங்கர் லாரிதான் வருது."

நான்: "நீ தூங்கியிருப்ப."

சந்தோஷத்தில் பிரியாணி. கைடுக்கு போன். "ரெண்டு ஸ்டேஷனா! சூப்பர்மா! இது வெறும் பேப்பர் இல்ல, தீஸிஸ்!"

சூத்திரத்தில் 'விடியல் திருத்தம்' என்று ஓர் எண்ணை நுழைத்தேன். இப்போது செயற்கைக்கோளும் ஐந்தரைக்கு மழை என்கிறது. என்ன ஒரு அழகு.

நவ. 13, வியாழன்

பயத்தில் ஐந்துக்கே விழிப்பு. பேசிப் பழக மாடிக்குப் போனேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. "மதிப்பிற்குரிய குழுவினரே" என்றதும் தலையில் மழை. மணி ஐந்து முப்பத்தெட்டு. என் மழை! அரை நிமிடம் நிஜமாகவே ஆனந்தப்பட்டேன்.

பிறகு நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் டேங்க். வழியும் குழாயின் உடைந்த வாயிலிருந்து பீய்ச்சி, நேராக மழைமானிக்குள்.

கீழிருந்து ஏகாம்பரம் அண்ணன் குரல்: "ரொம்பிச்சு! மோட்டார ஆஃப் பண்ணு!"

ஓடினேன். அவர் மனைவி சரளா அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார், பாதித் தெரு நனையும்படி. தெரு ஈரம் என்ற ஆதாரமும் போயிற்று.

அக்கா சொன்னார்: "தண்ணி வழியற சத்தம் கேட்டாதான மா டேங்க் ரொம்பிச்சுன்னு தெரியும்? எல்லார் வூட்லயும் அப்டித்தான்."

எல்லார் வீட்டிலும். செல்விக்கு போன் செய்து, வாட்ச்மேனைக் கேட்கச் சொன்னேன். அவர் டேங்க் ஏற்றி வழியவிடுவது ஐந்தேமுக்காலுக்கு.

ஆக என் குட்டை மேகம் கறுப்பு நிறம், ஆயிரம் லிட்டர், மூடியுடன். அழுதேன். இட்லி சாப்பிட்டேன். மறுபடி அழுதேன்.

கைடு: "நாளைக்கு ஒருநாள் வாயத் தொறக்காதம்மா. ரிவ்யூ முடியட்டும்."

நவ. 14, வெள்ளி

புழுக்கம். சொல்லிவிட்டேன். முதல் ஸ்லைடே டேங்க் போட்டோ.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சிரித்தார். சிரித்து முடித்து, "அப்போ உங்ககிட்ட மிச்சம் என்னம்மா இருக்கு?"

"பதினோரு நாளும் மழை இல்லன்னு சாட்டிலைட் சொல்லுச்சு சார். பதினோரு நாளும் அது சொன்னதுதான் சரி. நான்தான் நம்பல." அவமானம், அத்தனை பேர் முன்னால்.

இரண்டு வருடம் கேட்டேன், ஆறு மாதம் கொடுத்தார்கள். நிபந்தனை: சுருக்கம் வாபஸ், மழைமானி இடமாற்றம். கைடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குழுவில் இருந்த மேடம் வராந்தாவில் காதோடு சொன்னார்: "எங்க வீட்டு மழைமானியும் டேங்க் பக்கத்துலதான்மா. வெளிய சொல்லாத."

மழைமானியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். திருத்த எண்ணை அழித்தேன். விடியல் மழை என்று ஒன்று கிடையாது. முடிந்தது.

நவ. 15, சனி

ஐந்தரை. ஜன்னலில் சத்தம். டேங்க்தான் என்று திரும்பிப் படுத்தேன். சத்தம் நிற்கவில்லை.

மாடிக்குப் போனேன். நாலு பக்கமும் விழுகிறது. முகத்தில் விழுந்தும் நம்பவில்லை, வியாழக்கிழமையும் இப்படித்தானே விழுந்தது. மழைமானி கட்டிலடியில். ஓடிப்போய் சாம்பார் டப்பாவை எடுத்துவந்து நடு மாடியில் வைத்தேன். நின்றதும் ஸ்கேலை விட்டு அளந்தேன். நாலு மி.மீ.

பத்து மணிக்குச் செயற்கைக்கோள் டேட்டா வந்தது. மாடம்பாக்கம்: பூஜ்யம்.

இரண்டு இரண்டு படியாகக் கீழே இறங்கினேன்.

"அக்கா, காலைல மோட்டார் போட்டீங்களா?"

"எங்க மா போட்றது? எட்டு மணி வரிக்கும் கரன்ட்டே இல்லியே."